குரல் மாற்றாத இரண்டாம் பகுதி

சென்னை,
3.8.2025

அன்புத் தோழி சித்ராவுக்கு,

சௌந்தர்யா எழுதுவது. நான் நலம். நீயும் உன் மகனும் நலம்தானே? பக்கத்து வீட்டில் உன் தங்கை பிரபாவும் அவள் மகள் யுவஸ்ரீயும் எப்படி இருக்கிறார்கள்? உன் வீட்டுக்காரர் கந்தன் அண்ணன் போர்வெல் வண்டியோடு இன்னும் சத்தீஸ்கரில்தான் இருக்கிறாரா?

பிளஸ் டூ லீவுக்குப் பிறகு உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வைத்தவள் நீதான். இருபது நாளாகக் கூப்பிடுகிறேன், எடுப்பதில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் கேட்டுவிட்டாய் என்று காட்டுகிறது, பதிலைத்தான் காணோம். மகாராணிக்கு அப்படி என்ன வேலையடி?

சந்தோஷமான செய்தி ஒன்று இருக்கிறது. மில் பெண்களைப் பற்றி நான் செய்த ஒலித்தொடர் ஜூலை முதல் வாரம் இணையத்தில் வெளியானது. ஐந்து பெண்கள், ஐந்து பகுதிகள். இரண்டாம் பகுதி உன்னுடையது. அதற்குத்தான் இந்த வருடத்துப் பரிசு கிடைத்திருக்கிறது. மேடையில் அதில் கொஞ்சம் போட்டுக் காட்டினார்கள். நடுவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எல்லாம் உன்னால் வந்தது. தீபாவளிக்கு வரும்போது உனக்கு ஒரு நல்ல சேலை எடுத்து வருகிறேன், வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

பயப்படாதே, உன் பெயர் எங்கும் வரவில்லை. மில் பெயர், ஊர் பெயர், விரல் போன தெய்வநாயகி அக்கா பெயர் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். போனையாவது எடு.

என்றும் உன்,
சௌந்தர்யா

&nbsp;

பள்ளிபாளையம்,
10.8.2025

அன்புள்ள சௌந்தர்யா,

தபால்காரர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் மில்லிலிருந்து நோட்டீஸ்தான் வந்துவிட்டது என்று நினைத்து வாசலுக்கே வராமல் நின்றுவிட்டேன். உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. இன்னும் அதே கோழிக் கிறுக்கல்தான்.

பரிசு வாங்கியதில் சந்தோஷம். மனசாரத்தான் சொல்கிறேன். சேலை மட்டும் வேண்டாம்.

போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாய். போனில் பேசப் பயமாக இருக்கிறது. சிரிக்காதே, முழுக்கப் படி.

எங்கள் மில் கேட்டில் குரல் மெஷின் இருப்பது உனக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை, அதைப் போய் யார் ஒரு சேதி என்று சொல்வார்கள்? கோன் வைண்டிங்கில், நூல் சுற்றுகிற மெஷினில், நிற்கிறவர்களுக்கு நூல் உரசி உரசி விரல் ரேகையே தேய்ந்துபோகும். ரேகை மெஷினில் கட்டைவிரலை வைத்தால் ஆளே இல்லை என்று சொல்லிவிடும். அதனால் பொங்கல் கழிந்து குரல் மெஷின் கொண்டுவந்தார்கள். காலையில் அதன் முன்னால் நின்று பேரைச் சொல்லி, “வேலைக்கு வந்துட்டேனுங்க” என்று சொல்ல வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம்.

ஜூலை பதினான்காம் தேதி, சாப்பாட்டு நேரத்தில், மேனேஜர் மணிமாறன் சார் எங்கள் எல்லாரையும் கேன்டீனில் உட்காரவைத்து ஸ்பீக்கரில் உன் தொடரைப் போட்டார். யார் அவருக்கு அனுப்பினார்களோ தெரியாது. “அந்தக்கா வெரலு மூணும் மெஷின்ல போச்சுங்க. ஊட்டுக் கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு ஆஸ்பத்திரில சொல்லச் சொன்னாங்க. நாலு பேரு கூடப் போனோம், நாலு பேரும் அப்படியேதானுங்க சொன்னோம்.” என் குரல் சுவரெல்லாம் மோதித் திரும்பி வந்தது. கையில் பிசைந்த சோறு இருந்தது. அதை வாயில் வைத்து மென்றேன். மெல்லாமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மென்றேன்.

அந்த நாலு பேரில் நானும் பிரபாவும் உண்டு. எங்கள் இரண்டு பேர் குரலும் ஒரே அச்சு என்று உனக்கே தெரியும். அக்காவா தங்கச்சியா என்று பாதிப் பேருக்குப் பிடிபடவில்லை, பிடிபட்டவர்களும் வாயைத் திறக்கவில்லை. மணிமாறன் சார் சொன்னார், “மனுசனுக்குத்தான் தெரியாது. மெஷினுக்குத் தெரியுமுல்ல?”

மறுநாள் மெஷின் கம்பெனி ஆள் ஒருத்தர் வந்தார். உன் தொடரிலிருந்த குரலை அதில் கொடுத்து, நானூறு பேர் குரலோடும் ஒத்துப் பார்த்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் பேராக பிரபா வந்தாள். சாயங்காலமே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

வெப்படைப் பக்கம் மூன்று மில்லுக்குப் போய்ப் பார்த்தாள். எல்லா கேட்டிலும் அதே கம்பெனி மெஷின். பேரைச் சொல்லி நாலு வார்த்தை பேசினால் சிவப்பு விளக்கு எரிகிறதாம். புருசன் விட்டுப் போன பிறகு அந்த ஒரு சம்பளத்தில்தான் அவளும் பிள்ளையும் இருந்தார்கள். இப்போது துண்டு மடிக்கிற இடத்துக்குப் போகிறாள். கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மே மாதம் குரலை மாற்றி எனக்குப் போட்டுக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? “யாருடி இவ, தொண்டைல பஞ்சு அடச்சவளாட்டம் பேசுறா?” என்று நான் கேட்டேன், நீயும் விழுந்து விழுந்து சிரித்தாய். ஆளுக்கும் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது என்று நீ சொன்னதை நம்பித்தான் சரி என்றேன். அந்தக் குரல் எங்கே போனது சௌந்தர்யா?

இப்படிக்கு,
சித்ரா

&nbsp;

சென்னை,
16.8.2025

அன்புள்ள சித்ரா,

எழுதக் கை கூசுகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நீ கேட்ட அந்தக் குரல் தயாராகத்தான் இருந்தது. வெறுமனே கட்டையாக்கியது இல்லை, இயந்திரம் ஒப்பிட்டாலும் அடையாளம் தெரியாதபடி முழுதாக மாற்றியது. ஐந்து பேருக்கும் அப்படிச் செய்தேன். மற்ற நான்கு பேருக்கும் அப்படியே வெளியிட்டேன். உன்னுடையதை மட்டும் கடைசி நாளில் எடுத்துவிட்டு உன் சொந்தக் குரலை வைத்தேன்.

காரணம் கேட்பாய். “நாலு பேரும் அப்படியேதானுங்க சொன்னோம்” என்று சொல்லிவிட்டு நீ ஒரு மூச்சு விடுவாய். மாற்றிய குரலில் அந்த மூச்சு தட்டையாகிவிட்டது. சொற்கள் எல்லாம் இருந்தன, நீ இல்லை. இதைக் கேட்டு யாருக்கு நெஞ்சு அடைக்கும் என்று நினைத்தேன். பரிசுக்கு அனுப்பும் தேதியும் அதே வாரம். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. தோழிதானே, பிறகு சமாதானப்படுத்திக்கொள்ளலாம் என்ற உரிமை. அதற்குத் திமிர் என்றுதான் பெயர்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. பெயரை வெட்டினால் மட்டும் போதாது, குரலே ஒரு பெயர் மாதிரி என்று எங்கள் அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிவைத்தவள் நான்.

இன்று காலை இரண்டாம் பகுதியை எடுத்துவிட்டேன். பரிசைத் திருப்பித் தருவதாக எழுதிவிட்டேன். ஆனால் இந்த ஒன்றரை மாதத்தில் யார் யார் இறக்கி வைத்திருக்கிறார்களோ, அதை என்னால் திரும்ப வாங்க முடியாது. என்னைக் காறித் துப்பு, ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? அது பிரபாவின் குரல் இல்லை என்று மில்லில் யாராவது சொன்னார்களா?

உன்,
சௌந்தர்யா

&nbsp;

பள்ளிபாளையம்,
24.8.2025

சௌந்தர்யாவுக்கு,

மூச்சுக்காகவா? நான் விட்ட ஒரு மூச்சுக்காகவா என் தங்கச்சி வேலை போனது? அடிப்பாவி. உன் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடலாம் என்று எழுந்தேன். அப்புறம் கடைசி வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீ கெட்டிக்காரி, அதைத்தான் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது, யாரிடமும் சொல்லாதது. மெஷின் தப்பே செய்யவில்லை. குரல் பதிந்த அன்றைக்கு யுவஸ்ரீக்கு அம்மை போட்டிருந்தது, பிரபா வீட்டோடு இருந்தாள். அன்று பதியாதவர்களுக்கு ஒரு வாரம் வேலை கிடையாது என்றார்கள். தலையில் தொப்பி, மூக்கில் துணி, நானூறு பேர் வரிசையில் முகத்தை யார் பார்த்தார்கள்? என் பேருக்குப் பேசிவிட்டு, சுற்றி வந்து மறுபடி வரிசையில் நின்று, “பிரபாங்க” என்று அவள் பேருக்கும் நானே பேசிவிட்டேன். எதையாவது இரண்டு நிமிசம் பேச வேண்டும் என்றார்கள். முதல் தடவை பயத்தில் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறவள் மாதிரி கீச்சுக் குரலில் முடித்தேன். இரண்டாம் தடவை பயம் விட்டுப்போய், பள்ளிபாளையம் சிக்கன் வறுக்கிற கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். உன்னிடம் பேசியதும் அந்தக் குரலில்தான்.

அதனால் மெஷின் கண்டுபிடித்தது என்னைத்தான். அதற்கு என் பேர் பிரபா, அவ்வளவுதான். அவளுக்கு கேட்டில் சில நாள் இரண்டு மூன்று தடவை சொன்னால்தான் பச்சை எரியும். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

பிரபாவை ஆபீஸுக்குள் கூப்பிட்டபோது நான் கதவுக்கு வெளியேதான் நின்றேன். “அது நானுங்க சார்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. அவள் வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள். மணி அடித்தது. நான் போய் என் கோன் மெஷினில் நின்றுகொண்டேன். மகன் படிப்பு, அவர் வெளியூரில் இருக்கிறார், இரண்டு பேர் வேலையும் போனால் என்ன ஆகும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எல்லாம் சாக்கு. பயந்துவிட்டேன்.

அது தன் குரல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தன்னுடையது இல்லை என்றால் யாருடையது என்றும் தெரியும். இன்றுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஷிப்டுக்குப் போன பிறகு என் மகனுக்கும் சேர்த்துத் தோசை ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன்.

உன்னைத் திட்டித்தான் கடிதத்தை ஆரம்பித்தேன். திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சித்ரா

&nbsp;

சென்னை,
28.8.2025

சித்ரா,

அவசரமாக எழுதுகிறேன். நீ எதுவும் சொல்லாதே. மணிமாறனுக்கு இன்றே பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். பேசியவர் பிரபா இல்லை என்றும், பேசியவரின் பெயரை நான் சொல்லக் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். உன் பெயர் வெளியே வராமல் பிரபாவை மீட்டுவிடலாம். கொஞ்சம் பொறு.

உன்,
சௌந்தர்யா

&nbsp;

பள்ளிபாளையம்,
6.9.2025

சௌந்தர்யா,

உன் கடிதம் மில்லுக்கு வந்து சேர்ந்தது. மணிமாறன் சார் அதைக் கோன் வைண்டிங்குக்கே கொண்டுவந்து படித்துக் காட்டினார். “பிரபா இல்லீன்னா யாராம்? பேரச் சொல்லட்டுமே!” என்று சிரித்தார். அங்கே எனக்குத் தாங்கவில்லை. பின்னாலேயே போய் ஆபீஸில் சொல்லிவிட்டேன். அது நான் என்று. பதிந்த அன்றைக்கு இரண்டு தடவை பேசியதும் நான்தான் என்று.

அவர் நம்பவில்லை.

“அக்கா தங்கச்சி பாசமெல்லாம் நல்லாத்தாம்மா இருக்குது. மெஷின் பிரபான்னுதான சொல்லுது? நீ ரெண்டு தடவ பேசியிருந்தா அது அன்னிக்கே புடிச்சிருக்குமுல்ல? போ, போயி வேலயப் பாரு” என்றார். மெஷின் தப்பாது என்று முதலாளியிடம் அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது. நான் அழுதேன். அழுததும் இன்னும் நல்ல அக்கா ஆகிவிட்டேன்.

அதற்குள் விஷயம் டிபார்ட்மென்ட் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து மெஷினில் நிற்கிற ஜெயப்பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டு, “தங்கச்சிக்காக இருக்கற வேலயவே உட்டுக்குடுக்கப் போனயே அம்மிணி, உன்னாட்டம் யாரு இருக்கறாங்க!” என்று கண் கலங்கினாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. காறித் துப்பியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தப் புகழ்ச்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

என்னைக் காப்பாற்றுகிறேன் என்று மறுபடியும் ஆரம்பிக்காதே. அது என் குரல் என்று அவர்கள் நம்புகிற மாதிரி சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் இருக்கிறாய். பேரை எழுதிக் கொடு. என் முழுப் பேரையும் எழுது.

சித்ரா

&nbsp;

சென்னை,
11.9.2025

அன்புள்ள சித்ரா,

பேசியவர் நீதான் என்று, உன் முழுப் பெயரோடு, நான் கையெழுத்துப் போட்ட கடிதம் இதோடு இருக்கிறது. பெயரைச் சொல்வது விதிமீறல் என்று என் அலுவலகத்தில் சொன்னார்கள். பேசியவரே கேட்டிருக்கிறார், எழுதத்தான் செய்வேன் என்றேன். விதியை நான் மீறியது இப்போது இல்லை, ஜூன் மாதமே மீறிவிட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். என் வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை, அதை நீ யோசிக்காதே.

கடிதத்தை மட்டும் அவர்கள் நம்ப மாட்டார்கள். உறையில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. அதில் உன் பேச்சின் முழுப் பதிவு இருக்கிறது, வெட்டாதது. ஆரம்பத்தில் உன் பெயர், கந்தன் அண்ணன் பெயர், தெரு, எத்தனை வருடமாக வேலை என்று எல்லாம் நீ சொல்கிறாய். நடுவில் உன் மகன் வந்து டியூஷனுக்கு நேரமாச்சு என்கிறான், அவனை அதட்டுகிறாய். யாரும் மறுக்க முடியாது.

இதை அழித்துவிட்டேன் என்று மே மாதம் உன்னிடம் சொன்னேன். அழிக்கவில்லை. வேறு ஒரு தொடருக்கு எப்போதாவது பயன்படும் என்று வைத்திருந்தேன். நல்ல குரல், விட மனசு வரவில்லை. உனக்கு நான் செய்த இரண்டாவது துரோகம் இது. முதலாவதற்கு மன்னிப்புக் கேட்டபோதே இதையும் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, மறைத்துவிட்டேன். இப்போது பிரபாவுக்கு உதவக்கூடியது இதுதான் என்றாகிவிட்டது, அதனால் எனக்கு ஒரு நல்ல பெயரும் வேண்டாம்.

மில்லுக்கு நேராக அனுப்பவில்லை. அது உன் குரல். கொடுப்பதும் உடைத்துப் போடுவதும் உன் இஷ்டம். என்னிடம் இருந்த மற்ற பிரதிகளை அழித்துவிட்டேன். இந்த வார்த்தையை நீ நம்ப வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

நேரில் வந்து பிரபா காலில் விழ வேண்டும் போல இருக்கிறது. வரட்டுமா?

சௌந்தர்யா

&nbsp;

பள்ளிபாளையம்,
25.9.2025

அன்புள்ள சௌந்தர்யா,

கொடுத்துவிட்டேன். மணிமாறன் சார் முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். என் மகனை அதட்டுகிற இடம் வந்ததும் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார். அரை மணி நேரத்தில் என் கார்டை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றிப் பதிந்ததும் மில்லைப் பற்றி வெளியே பேசியதும் இரண்டும் என் கணக்கில். தெய்வநாயகி அக்கா விரல் விஷயத்தையும் தொழிற்சாலை ஆய்வாளரிடம் என் பேரோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

பிரபாவைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் குரலைப் புதிதாகப் பதிந்திருக்கிறார்கள். போன திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறாள்.

மில்லுக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலமே அவளிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறவரைக்கும் உரித்துக்கொண்டேதான் இருந்தாள். அப்புறம் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள், “ஆபீஸ்ல, இது உன் குரல்தானன்னு கேட்டாங்கக்கா. இல்லீங்கன்னு சொல்லியிருந்தா அடுத்தது உம் பேருதான். அதான் ஆமாங்கன்னுட்டேன்.”

ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள், சௌந்தர்யா. எனக்கு இது தெரியாது. மெஷின் சொன்னதால் மட்டும்தான் அவளை நிறுத்தினார்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நான் சொன்னதை மணிமாறன் சார் நம்பாததற்கும் அதுதான் காரணம்.

“பின்ன ஏண்டி எங்கிட்ட ஒன்னும் கேக்கல?” என்றேன். “நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். தெனமும் நீ ஷிப்டு முடிஞ்சு வாரப்ப, இன்னிக்காச்சும் ஆபீஸ்ல சொல்லிட்டு வந்திருப்பியான்னு பாப்பேன். ரெண்டு மாசமும் பாத்தேன்க்கா” என்றாள். எழுந்து போய்க் குழம்புக்குத் தாளித்தாள்.

நீ வரட்டுமா என்று கேட்டாய். இப்போது வேண்டாம். உன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது, அது சத்தியம். நீ செய்ததை நானாவது கேட்டேன், நீயும் மறைக்காமல் எழுதினாய். என்னை அவள் கேட்கவே இல்லை. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு என் முகம்தான் தெரியும். அதைப் பார்க்க இன்னும் தெம்பு வரவில்லை. வந்ததும் நானே எழுதுகிறேன். அதுவரைக்கும் நீ எழுத வேண்டாம்.

காலையில் பிரபா ஷிப்டுக்குப் போன பிறகு யுவஸ்ரீக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறேன். பிரபா முன்னைப் போலத்தான் அக்கா என்று கூப்பிடுகிறாள். எனக்குத்தான் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

இப்படிக்கு,
சித்ரா